தாலாட்டு போதும், தாய் எழுதட்டும்!

தாயைப் போற்றாத மேடை இந்நாட்டில் உண்டா? நாட்டைத் தாய் என்பர். மொழியைத் தாய் என்பர். ஓடும் ஆற்றையும் உழும் நிலத்தையும் தாய் என்பர். கோயிலிலே அவளுக்குப் பட்டுடுத்திப் பார்ப்பர். திரைப்படத்திலே அவள் இருமினால் கொட்டகையே கண்ணீர் வடிக்கும். அந்தத் தாய் ஒருநாள், தாலாட்டுவதைச் சற்றே நிறுத்திவிட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, பிள்ளை பெற்ற பத்தாம் நாள் தனக்கு என்ன நேர்ந்தது என்று நாலு வரி எழுதிவிட்டால் மட்டும், போற்றிய வாயெல்லாம் பொரிந்து தள்ளுகிறது. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா? பெண்ணுக்கு அடக்கம் வேண்டாமா? இதுவும் ஓர் இலக்கியமா? கேள்விகள், கேள்விகள்! கல்லாய் நிற்கும் தாய்க்குக் கற்பூரம். சொல்லெடுத்த தாய்க்குச் சுடுசொல். இந்நாட்டுத் தாய்ப்பற்றின் இலட்சணம் இது!

கற்பனையாகச் சொல்லவில்லை. தாம்பரத்திலே நாங்கள் பன்னிருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடி எழுதி வருகிறோம். பள்ளி ஆசிரியைகள் ஐவர், செவிலி ஒருவர், சானடோரியத்தில் 1984 முதல் இயங்கிவரும் ஏற்றுமதி வளாகத்துக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தோழியர் மூவர், அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர், வீட்டிலே மாவரைத்து விற்கும் அக்கா ஒருவர், "நான் சும்மாத்தான் இருக்கிறேன்" என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட, மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர். (சும்மா! விடியுமுன் நாலரை மணிக்கு எழுந்து இரவு பதினொரு மணிக்குத் தலைசாய்ப்பவருக்கு நம் சமுதாயம் சொல்லிக்கொடுத்த சொல் அது.) எங்களிடம் இருப்பது கடைக்காரர் கணக்கெழுதும் நீண்ட பேரேடு ஒன்று. எங்களுக்கு விதியும் ஒன்றே. எழுதுகிறவள் தான் கண்டதை, தான் பட்டதை எழுதவேண்டும். கேட்கிறவர் 'நல்லவள்' என்று சொல்லவேண்டும் என்பதற்காக எழுதக்கூடாது.

அந்தப் பேரேட்டில் என்னதான் இருக்கிறது? ஆட்சியைக் கவிழ்க்கும் சதித்திட்டமா? இல்லை. பால் சுரக்கவில்லை என்று மாமியார் ஏசிய ஏச்சு இருக்கிறது. பிள்ளை பிறந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்கு நடுவே, காரணம் விளங்காமல் ஒரு மாதம் அழுத அழுகை இருக்கிறது. இரண்டாவதும் பெண் என்று கேட்டதும் மருத்துவமனை வாசலோடு திரும்பிப்போன உறவினரின் முதுகு இருக்கிறது. பால் கட்டி வலித்த மார்போடு தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த எட்டு மணி நேரம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலே, முடிச்சூரில் கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கியபடி நீரைக் கடந்து வந்தவள், அன்றிரவு தங்கிய இடத்தில் மாதவிலக்குக்குத் துணி கேட்க வாய் கூசி நின்றது இருக்கிறது. பிள்ளையை அடித்துவிட்டு, அடித்த கையையே பார்த்தபடி அடுக்களையில் குந்தியிருந்த பொழுது இருக்கிறது. மகிழ்ச்சியும் உண்டு, ஐயா! எல்லோரும் உறங்கியபின் சம்படத்தைச் சத்தமின்றித் திறந்து தனியாகத் தின்ற இரண்டு முறுக்கைப் பற்றி அந்த மாவரைக்கும் அக்கா எழுதியதைப் படித்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

இதற்குத்தான் எதிர்ப்பு! நாங்கள் கூடிவந்த படிப்பகத்தின் பொறுப்பாளர், பகுத்தறிவுப் பேச்சிலே பழம் தின்று கொட்டை போட்டவர், "இனி இங்கே வேண்டாம் அம்மா, குடும்பப் பெண்கள் வந்துபோகிற இடம்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் யாராம்? குடும்பம் இல்லாமல் வானத்திலிருந்து குதித்தவர்களா? எங்களில் ஒருத்தி எழுதிய இரண்டு பக்கத்தை அவள் கொழுந்தன் கிழித்தெறிந்தான். அடுத்த மாதம் அவள் அதையே நாலு பக்கமாக எழுதிக் கொண்டுவந்தாள்.

வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று கேட்கும் பெரியோர்களே! அது வெளியே வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அதன் மகளிர் பெட்டியிலே காலை எட்டு மணிக்கு ஏறிப் பாருங்கள். (ஆடவர் ஏற முடியாது, எங்கள் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டும்.) குரோம்பேட்டை வருமுன் ஒருத்தியின் கருச்சிதைவு, பல்லாவரம் தாண்டுமுன் இன்னொருத்தியின் கணவன் குடி, கிண்டியிலே இறங்குமுன் மூன்றாமவள் மாமனாருக்குப் படுக்கையிலே பணிவிடை செய்யும் பாடு என்று, கீரையை ஆய்ந்தபடியே கதை கதையாய்ச் சொல்லித் தீர்க்கிறார்கள். முன்பின் அறியாதவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். வண்டி நிற்கிறது, இறங்குகிறார்கள், அத்தனையும் காற்றோடு போகிறது. மறுநாள் அதே பெட்டி, அதே பேச்சு, வேறு பெண்கள். ஆயிரம் பேர் ஆயிரம் நாள் சொன்ன ஒரே துயரம், ஒவ்வொரு நாளும் ஒருத்தியின் சொந்த விதியாகவே தொடங்கி, சொந்த விதியாகவே முடிகிறது.

பேச்சாய் இருக்கும் வரையில் அது புலம்பல். எழுத்தாகிவிட்டால் அது சான்று. சான்றைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். எங்கள் அடக்கக் குறைவைக் கண்டல்ல.

சான்று என்ன செய்யும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு இங்கிலாந்திலே நடந்ததைச் சொல்கிறோம். அங்கே மகளிர் கூட்டுறவுக் கழகம் என்று உழைக்கும் வகுப்புப் பெண்களின் அமைப்பு ஒன்று இருந்தது. மார்கரெட் லெவெலின் டேவிஸ் என்னும் அம்மையார் அதன் செயலாளர். பிள்ளைப்பேற்றிலே நீங்கள் பட்டதை எழுதுங்கள் என்று அவர் உறுப்பினர்களைக் கேட்டார். எழுதினார்கள்! சலவைக்காரி எழுதினாள், சுரங்கத் தொழிலாளியின் மனைவி எழுதினாள், ஆலைக்காரி எழுதினாள். எத்தனை பெற்றேன், எத்தனை இழந்தேன், பேறுகாலத்திற்கு முந்திய நாள் வரை எவ்வளவு துணி துவைத்தேன், கணவன் கூலியில் எனக்குக் கிடைத்தது எவ்வளவு என்று எழுதினார்கள். 160 கடிதங்கள் 1915இல் 'தாய்மை' என்ற பெயரில் நூலாயின. பெயர் இல்லை, ஊர் இல்லை. பிள்ளைகள் எத்தனை, கூலி எவ்வளவு என்ற குறிப்பு மட்டும் உண்டு. அதற்கு முன்பே, 1913இல், பேறுகால உதவிப்பணம் கணவன் கைக்குப் போகாமல் தாய்க்கே உரியது என்ற திருத்தத்தை அந்தக் கழகம் போராடிப் பெற்றிருந்தது. 1918இல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. கவிஞர் பட்டம் பெற எழுதியவர்களா அவர்கள்? எழுத்துப் பிழையோடு எழுதியவர்கள். ஆனாலும் நாடாளுமன்றம் காது கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே நம் நிலையைப் பாருங்கள். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அந்த 97இலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்களில் அவ்வேலையைத் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். மற்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை! தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21இல் சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 44.9 வயிற்றைக் கீறி எடுக்கப்படுகின்றன; தனியார் மருத்துவமனைகளில் அது 63.8. கிட்டத்தட்ட இரண்டு தாய்மாரில் ஒருத்தியின் அடிவயிற்றில் தழும்பு. அத்தழும்பு கத்தி தேவைப்பட்டதால் வந்ததா, கட்டணம் தேவைப்பட்டதால் வந்ததா? முதுகிலே ஊசி போட்டபின் என்ன ஆயிற்று? யாரிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினார்கள்? புள்ளிவிவரம் வாய் திறக்காது. அந்தப் படுக்கையில் கிடந்தவள்தான் சொல்லவேண்டும்.

இன்னோர் எண்ணும் உண்டு. தோழர்கள் தயவு செய்து இருமுறை படிக்கவேண்டும். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணவாழ்விலுள்ள, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர் நூற்றுக்கு 57.8. கணவன் அறுவை செய்துகொண்டதைத் தன் வழியாகச் சொன்னவர் 0.1. கருத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டும், நாட்டின் பொருளாதாரத்துக்காக அல்ல என்று பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலே வாதாடினார். நாம் என்ன செய்தோம்? கருத்தடையை ஏற்றுக்கொண்டோம், கத்தியை மட்டும் அவளிடமே விட்டுவிட்டோம். ஆணுக்கு அது எளிய சிகிச்சை என்று எந்த மருத்துவரும் சொல்வார். ஆண்மை போய்விடும் என்ற அச்சமோ, எல்லா மூடநம்பிக்கையையும் முறியடித்த வீரர் வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒளிந்து கிடக்கிறது!

மூடநம்பிக்கை என்ற சொல் வந்துவிட்டபடியால் ஒன்று சொல்வோம். எழுதப்படாத அனுபவத்திலேதான் மூடநம்பிக்கை முட்டையிடுகிறது. பிறந்த பிள்ளைக்குச் சீம்பால் ஆகாது, பீய்ச்சிக் கொட்டிவிடு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வை, கழுதைப்பால் கொடு, பெற்றவளுக்குத் தாகமெடுத்தாலும் தண்ணீர் கொடுக்காதே, வயிறு ஊதும், தீட்டுக் கழியும் வரை மூலையிலே கிட என்று எத்தனை கட்டளைகள்! பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அச்செய்தி சுவரொட்டியாய் ஒட்டியும் இருக்கிறது. ஆனால் சுவரொட்டி மாமியாரோடு வாதாடுமா? "என் முதல் பிள்ளைக்குச் சீம்பாலைக் கொட்டினேன், இரண்டாவதற்குக் கொடுத்தேன், இதுதான் நடந்தது" என்று அதே தெருப் பெண் எழுதியதை அதே தெருப் பெண் படிக்கும்போதுதான் பாட்டியின் கட்டளை ஆட்டம் காணும். பகுத்தறிவு என்பது இதுவன்றி வேறென்ன? கண்டதைக் குறி, குறித்ததை ஒப்பிடு, ஒப்பிட்டதிலிருந்து முடிவு செய். பத்துப் பெண்கள் ஒரு பேரேட்டைச் சுற்றி உட்கார்ந்து செய்வது அதுதான். சோதனைச்சாலையிலே வெள்ளைச் சட்டை போட்டுச் செய்தால் விஞ்ஞானம், பாயிலே உட்கார்ந்து சேலை கட்டிச் செய்தால் வம்பளப்பா?

"இது இலக்கியமா?" என்ற கேள்விக்கு வருவோம். சங்கப் புலவர் வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர் உண்டு என்று மார்தட்டாத தமிழர் இல்லை. அவர்களிலே நம் மேடைகள் அடிக்கடி அழைப்பது யாரை? பொன்முடியாரை, காக்கைபாடினியார் நச்செள்ளையாரை, ஒக்கூர் மாசாத்தியாரை. எதற்காக? மகனைப் போருக்கு அனுப்பிய மறத்தாயைக் காட்டுவதற்காக. நாமும் அப்பாடல்களின் அழகிலே மயங்கியவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். மகனை வாளோடு அனுப்பிய ஒரு காலைப்பொழுதுக்குக் கிடைத்த கைத்தட்டலில் பத்தில் ஒரு பங்கு, அவனுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் விழித்திருந்தவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? பதினைந்து ஆண்டு வளர்த்த வேலை கண்ணில் படுவதில்லை. ஒரு நொடியில் பலிகொடுத்தால் காவியம்! தாயின் பெருமையே இழப்பதில்தான் என்று மேடை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தால், இழக்க விரும்பாதவள் வாய்மூடித்தான் கிடப்பாள்.

நம் சொந்த வரலாற்றிலும் இக்குறை உண்டு. தாம்பரத்திலிருந்து இதே இருப்புப்பாதையில் தெற்கே போனால் வரும் செங்கற்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. வடக்கே ஐந்தாறு கல் போனால் பல்லாவரம், மறைமலையடிகளின் இல்லம், அங்கே வளர்ந்த அவர் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமையில்தான் 1938 நவம்பர் 13இல் சென்னையிலே பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தவர்கள் அந்தப் பெண்களே. மறுநாள் இந்தி எதிர்ப்புக் களத்திலே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் சிறை புகுந்தனர். குழந்தைகளை இடுப்பில் சுமந்தபடியே அப்போரில் சிறை சென்ற தாய்மார் உண்டு. ஆண்டுதோறும் மலர் வெளியிடுகிறோம், படம் போடுகிறோம், 'வீரத் தாய்மார்' என்று தலைப்பிடுகிறோம். சிறைக்குள்ளே அந்தக் குழந்தை என்ன தின்றது? இரவில் அழுதபோது யார் எடுத்தார்கள்? வெளியே விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார்? இதற்கு நம் மலர்களில் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்? எண்ணிப் பாருங்கள், எண்ணுவதற்கு விரல்கள் மிஞ்சும்.

ஆனால் எழுதியவர்களும் உண்டு. இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையின் உள்வீட்டை, தாம் தப்பிவந்த அந்த வீட்டை, 1936இல் நாவலாக எழுதினார். 1947இல் அம்முறையைச் சட்டம் ஒழித்தது. நம் பாசறைக்கு அப்பாலும் பார்ப்போம். வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கும் நமக்கும் கருத்திலே காத தூரம். ஆனாலும் தொடக்கத்தில் எழுதத் தெரியாத அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் கையால் எழுத, அப்படித்தான் அவருடைய முதல் நாடகம் உருவாயிற்று. ஒருத்தியின் வாய், இன்னொருத்தியின் கை! பின்னர் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை முப்பத்தைந்து ஆண்டு நடத்தினார். 'தனிமையில் தவமிருந்தால்தான் எழுத்து வரும்' என்று சொல்லும் ஆண் எழுத்தாளர்கள் — அவர்கள் தவத்துக்கு இடையிடையே காப்பி கொண்டுவந்து வைத்தது யார் என்பதை இப்போது கிளறவில்லை — இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளட்டும்.

எங்கள் தாம்பரத்துக்கே வருகிறோம். இராஜம் கிருஷ்ணன் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் இது. இளம் பருவத்திலேயே மணமாகிப் பள்ளிப் படிப்பைத் தொடராதவர்; 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனார்; காலில் உப்பு அரித்த பெண்களோடு பேசினார்; 1979இல் 'கரிப்பு மணிகள்' வந்தது. தீப்பெட்டித் தொழிலில் கருகும் பிள்ளைகளை எழுதினார். பெண் சிசுக்கொலையை எழுதினார். அவருக்குப் பிள்ளை இல்லை. பெறாதவளுக்குத் தாய்மையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கும் வாய்கள், அவர் கேட்டுக் கேட்டுக் குறித்துவந்ததைப் படிக்கட்டும். பெறுவதும் பெறாததும் அவளவள் உடல்; கேட்பதும் குறிப்பதும் எல்லோருக்குமான கடமை. 2009இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபரில் மறைந்தார். முதுமையிலே அவர் தங்கியது முதியோர் இல்லத்தில். பிறர் வீட்டுப் பெண்களின் வாழ்வையெல்லாம் எழுதிக் கொடுத்தவருக்கு இச்சமூகம் கடைசியில் ஒதுக்கிய இடம் அது.

வெளிப்படையாக எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இருபதாண்டுக்கு முந்திய சான்றும் உண்டு. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வெளிவந்தது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் அக்காலத்தில் பெண்ணுடலைப் பெண்ணின் சொல்லாலே எழுதினர். என்ன கூச்சல்! என்ன வசை! நடுத்தெருவிலே வைத்துக் கொளுத்தவேண்டும் என்னும் பொருள்படப் பேசவும் ஆள் இருந்தது. திரைப்பாட்டிலே பெண்ணுடலை அங்குலம் அங்குலமாக அளந்து காசாக்கும் நாட்டிலே, அவ்வுடலுக்கு உரியவள் அதன் பெயரைச் சொன்னால் குற்றமாம். வீட்டார் கண்ணில் படாமல் குளியலறையில் ஒளிந்து, புனைபெயரில் எழுதிய சல்மா 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். கொளுத்தச் சொன்னவர்கள் இன்று என்ன எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? யாருக்குத் தெரியும்! யாழ்ப்பாணத்துப் பெண்கள் 1986இல் போரின் நடுவே கூட்டாகக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் 'சொல்லாத சேதிகள்'. குண்டு விழும் ஊரிலே பெண்கள் கூடி எழுத முடிந்தது. மின்விசிறி ஓடும் படிப்பகத்திலே முடியாதாம்!

கடைசியாக, நம் தோழர்களிடமிருந்தே வரும் மறுப்பு. "முதலில் இனவிடுதலை, மொழி உரிமை, மாநில உரிமை, இச்சிறு விஷயங்கள் பிறகு" என்கிறார்கள். எத்தனை தலைமுறையாகக் கேட்கும் 'பிறகு' இது! மாநாட்டுக்குப் போகும் தோழரின் கருப்புச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுப்பவளுக்கு அம்மாநாட்டிலே என்ன பேசப்பட்டது என்று சொன்னதுண்டா? பெண்ணுரிமைத் தீர்மானத்தைக் கைதட்டி நிறைவேற்றிவிட்டு, நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, சூடாக ஒரு தோசை கேட்கும் சீர்திருத்தச் செம்மல்களை எங்கள் பேரேடு அறியும். அவர்கள் பெயரை எழுதவில்லை. தோசையை எழுதியிருக்கிறோம்.

படிப்பகம் கதவைச் சாத்தியதால் கூட்டம் நிற்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் தோழி ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியிலே கூடுகிறோம்; பன்னிருவர் இப்போது பத்தொன்பதின்மர். பேரேடும் இரண்டாகிவிட்டது. அவற்றிலிருந்து தேர்ந்த பக்கங்களை, எழுதியவர் விரும்பினால் பெயரோடும் விரும்பாவிட்டால் பெயரின்றியும், சிறு நூலாக அச்சிடப் போகிறோம். எழுதத் தெரியாதவர் சொல்லலாம். எழுதித்தர ஆள் இருக்கிறது. தட்டச்சு செய்வோர், மெய்ப்புப் பார்ப்போர் தேவையில்லை, ஆசிரியைகள் இருக்கிறோம். தேவை வேறு. கூட்டத்துக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகளில் ஆறு வயதுக்குட்பட்டோர் பதினொருவர். மாலை நாலு முதல் ஆறு வரை அவர்களைக் கீழே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்கள் நால்வர் பெயர் தந்திருக்கிறார்கள். இன்னும் இருவராவது வேண்டும். பால்புட்டி கழுவத் தெரிந்திருந்தால் நலம். தெரியாதவர்க்கு முதல் ஞாயிறே கற்றுக்கொடுக்கப்படும்.